சிறுநாடு காத்த செம்மல்

பெரிய நாட்டை ஆளுதல் அரிது. சிறிய நாட்டை ஆளுதல் அதனினும் அரிது. பெரிய நாட்டின் அரசன் பிழை செய்தால் நாடு வருந்தும்; சிறிய நாட்டின் அரசன் பிழை செய்தால் நாடே இல்லாமற் போம். வல்லரசுகள் இரண்டின் எல்லைகள் வந்து முட்டும் இடத்தில் அச் சிறுநாடு அமைந்துவிட்டால், அதனை ஆள்வோன் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இமயமலைப் புறத்தே மூன்று நாடுகள் அருகருகே இருந்தன. திபெத்து ஒன்று, சிக்கிம் ஒன்று, பூட்டான் ஒன்று. மூன்றும் பௌத்தம் வேரூன்றிய நாடுகள். மூன்றும் மலையையே மதிலாகக் கொண்டவை. திபெத்தினுள் 1950ஆம் ஆண்டிற் சீனப் படை புகுந்தது. 1959இல் தலாய் லாமா நாடு நீங்கினார். சிக்கிமின் முடியாட்சி 1975இல் ஒழிந்தது. அந்நாடு இந்தியாவின் மாநிலங்களுள் ஒன்றாயிற்று. பூட்டான் மட்டும் தன் பெயரும் தன் கொடியும் தன் அரசும் குன்றாமல் இன்றும் நிற்கின்றது. இதற்குக் காரணங்கள் பல. அக் காரணங்களுள் ஒருவர், 1952 முதல் 1972 வரை இருபது ஆண்டுகள் அந்நாட்டை ஆண்ட மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் ஆவர். போரிற் பெற்ற வெற்றி என்று ஒன்றேனும் அவர் வரலாற்றில் இல்லை. ஆயினும் அவர் காத்தது ஒரு நாட்டை.

முன்னோர் வைத்த முதல்

பூட்டானியர் தம் நாட்டை இடிமுழக்க நாகத்தின் நாடு என்பர். பதினேழாம் நூற்றாண்டிலே திபெத்திலிருந்து வந்த ங்கவாங் நம்கியால் என்னும் துறவி அதனை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தார். அவர் மறைவின் பின் பூசல்கள் பல எழுந்தன. 1864ஆம் ஆண்டிற் பிரித்தானியரோடு போர் மூண்டது. அடுத்த ஆண்டு நிகழ்ந்த சிஞ்சுலா உடன்படிக்கையால் மலையடிவாரத்து வளநிலங்களைப் பூட்டான் இழந்தது. இழந்ததற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு தொகைப் பணம் பெற்றது.

இப் போர் ஒரு பாடம் புகட்டியது. படை கொண்டு காக்க முடியாத நாட்டை அறிவு கொண்டே காத்தல் வேண்டும். இதனை நன்குணர்ந்தவர் திரொங்சா நாட்டுத் தலைவராய் விளங்கிய உக்கியென் வாங்சுக். 1904இல் பிரித்தானியப் படை திபெத்துக்குச் சென்றபோது அவர் உடன் சென்று இரு பக்கத்தார்க்கும் நடுவராய் நின்றார். 1907ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் நாள் துறவியரும் தலைவரும் குடிகளும் கூடி அவரைப் பரம்பரை மன்னராகத் தெரிந்தெடுத்தனர். 1910இற் செய்த உடன்படிக்கையின்படி உள்நாட்டாட்சியிற் பிரித்தானியர் தலையிடார். வெளிநாட்டு விவகாரங்களிற் பூட்டான் அவர் அறிவுரையைத் தழுவி நடக்கும். பிரித்தானியர் நீங்கிய பின், 1949 ஓகஸ்ட் 8இல், சுதந்திர இந்தியா ஏறக்குறைய அதே முறையில் உடன்படிக்கை செய்தது. ஆண்டுக் கொடை 5 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது; தேவாங்கிரிப் பகுதியில் 32 சதுர மைல் நிலம் மீண்டது.

இவ்வாறு வீடு தனதாயிருந்தது. வாயில் மட்டும் பிறர் காவலில் இருந்தது. இதுவே ஜிக்மே டோர்ஜி தம் தந்தையிடமிருந்து பெற்ற முதல்.

இளமையும் முடியும்

அவர் பிறந்தது 1928 மே 2ஆம் நாள், திரொங்சாவில். தந்தையார் இரண்டாம் மன்னர் ஜிக்மே வாங்சுக். அரண்மனையிலே மரபுக் கல்வி பயின்ற இளவரசர் ஆங்கிலமும் இந்தியும் கற்றார். 1951இல் கேசாங் சோடென் என்னும் மங்கையை மணந்தார். அவள் தந்தையார், கலிம்பொங் நகரிலிருந்து பூட்டானின் வெளியுறவுகளைக் கவனித்து வந்த சோனாம் தொப்கே டோர்ஜி. அவள் தமையனார் ஜிக்மே பால்டென் டோர்ஜி, பின்னாளிற் பிரதமர் ஆனார். ஆகவே அத் திருமணம் ஒரு குடும்பத்தின் வெளியுலக அனுபவத்தை அரண்மனைக்கு அண்மையிற் கொண்டுவந்தது.

1952இல் தந்தையார் காலமானார். அவ்வாண்டு ஒக்டோபர் 27ஆம் நாள் பாரோ நகரில் இளைஞர் முடி சூடினார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்து நான்கு.

அந்நாளிற் பூட்டானில் மோட்டார் வீதி ஒரு மைல்தானும் இல்லை. இந்திய எல்லையிலிருந்து பாரோவை அடைய, கோவேறு கழுதைகளுடன் ஆறு நாட் பயணம் செய்தல் வேண்டும். வரி பெரும்பாலும் நெல்லாகவும் வெண்ணெயாகவும் துணியாகவும் உழைப்பாகவும் செலுத்தப்பட்டது. அடிமைகள் இருந்தனர், அவருட் பலர் முற்காலத்திற் சமவெளிகளிலிருந்து சிறைபிடிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள். பெரிய குடும்பங்களிடம் நிலம் குவிந்து கிடந்தது. எழுத்தறிவு மடாலயங்களைச் சுற்றியே நின்றது.

அகத்தைத் திருத்தல்

புதிய மன்னர் புறத்தை நோக்குமுன் அகத்தை நோக்கினார். 1953இலே, முடிசூடிய மறு ஆண்டிலேயே, சொக்டு என்னும் தேசிய சபையைக் கூட்டினார். கிராமத்தார் அனுப்பிய பிரதிநிதிகளும் துறவியர் பிரதிநிதிகளும் அரசு அதிகாரிகளும் அதில் ஒருங்கிருந்தனர். அரசன் முன் வாய் பொத்தி நின்ற குடியானவன், சபையில் எழுந்து தன் ஊர்க் குறையைச் சொல்லும் காலம் அன்று தொடங்கியது.

அடிமை முறை ஒழிந்தது. 1958ஆம் ஆண்டளவில் நிறைவேறிய இச் சீர்திருத்தத்தால் விடுதலை பெற்றோர் விரும்பினால் நாட்டில் தங்கலாம், விரும்பினால் நீங்கலாம். தங்கினோர்க்கு நிலம் கிடைத்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு 30 ஏக்கர் என வரம்பு கட்டினார். 1959இலே நாட்டின் சட்டங்களைத் தொகுத்த பேரேடு சபையின் ஒப்புதல் பெற்றது. உழைப்பாலும் பண்டத்தாலும் செலுத்திய வரிகள் படிப்படியாகக் குறைந்தன.

இவை யாவும் அறச் செயல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் இவற்றில் அரசியல் நுட்பமும் ஒன்று உண்டு. அண்டை நாட்டில் நிகழ்ந்ததை மன்னர் கண்டிருந்தார். அடிமையை விடுவிக்க வந்தோம், உழவனுக்கு நிலம் தர வந்தோம் என்று சொல்லிக்கொண்டு படைகள் எல்லை கடக்கும் காலம் அது. விடுவிக்கவேண்டிய அடிமை இல்லாத நாட்டில், நிலமற்ற உழவன் அருகிய நாட்டில், அச் சொல்லுக்கு இடம் யாது? குடிகளின் குறையைத் தாமே தீர்த்த அரசர், பிறர் அக் குறையைக் காரணமாகக் காட்டி உள்ளே வரும் வழியையும் அடைத்தார் என்க.

காலம் அறிதல்

வலி அறிதல், காலம் அறிதல், இடன் அறிதல் என்னும் மூன்றும் அரசர்க்குரிய அறிவுகள் எனத் தமிழ் நூலோர் வகுத்தனர். அவற்றுட் காலம் அறிதலில் இம் மன்னர் தேர்ந்தவர்.

வீதி இல்லாமை நெடுங்காலமாகப் பூட்டானுக்கு ஓர் அரணாயிருந்தது. வீதி இருந்தால் வணிகர் வருவர். வணிகர் பின்னே படையும் வரும். ஆகவே முன்னோர் வாயிலை மூடி வைத்தனர். மன்னரும் தொடக்கத்தில் அவ் வழியினின்று விரைந்து விலகவில்லை. 1954இல் இந்தியக் குடியரசு நாள் விழாவிற் பிரதம விருந்தினராய்க் கலந்துகொண்டு நட்பை வளர்த்தார். ஆயின் பெருந்திட்டம் எதற்கும் அவசரப்பட்டாரல்லர்.

1958 செப்டெம்பரில் இந்தியப் பிரதமர் நேரு, தம் மகள் இந்திராவுடன் பூட்டானுக்கு வந்தார். நேரே வர வீதி இல்லை. சிக்கிமிலிருந்து நாதுலா கணவாயைக் கடந்து, திபெத்துக்குரிய சும்பிப் பள்ளத்தாக்கின் வழியாக, குதிரையிலும் மலைப் பாதையிலும் பயணம் செய்து பாரோவை அடைந்தார். பூட்டான் சுதந்திர நாடாகவே நிலைக்க வேண்டும், தன் வாழ்க்கை வழியைத் தானே தெரிந்து கொள்ள வேண்டும் என்பதே இந்தியாவின் விருப்பம் என அங்கு மக்கள் கூட்டத்தில் அவர் உறுதி கூறினார். சிறு நாட்டின் அரசர்க்கு, பெரு நாட்டின் தலைவர் பலர் அறியக் கூறிய உறுதி ஒரு கோட்டையை ஒக்கும். அதனைத் தம் மண்ணிலே, தம் குடிகள் கேட்கப் பெற்றுக்கொண்டமை மன்னரின் திறம்.

அடுத்த ஆண்டே காலம் மாறிற்று. 1959 மார்ச்சில் இலாசாவிற் கிளர்ச்சி எழுந்து அடங்கியது. அகதிகள் ஆயிரக்கணக்கில் மலை கடந்தனர். பூட்டானின் வட எல்லை முழுவதும் சீனப் படையின் அண்மையிலாயிற்று. மூடிய வாயில் இனிக் காவலாகாது என்பதை மன்னர் உணர்ந்தார். 1960இலே திபெத்து எல்லை அடைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அரிசி கொடுத்து உப்பும் கம்பளி மயிரும் பெற்ற வடதிசை வாணிகம் அதனோடு நின்றது. நாட்டின் முகம் தென்திசைக்குத் திரும்பியது.

1961இல் முதலாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. 17 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட அதன் செலவு முழுவதையும் இந்தியா ஏற்றது. எல்லைப்புற நகரான பூன்சோலிங்கிலிருந்து மலையைக் குடைந்து வீதி ஏறியது. ஆறு நாட் பயணம் ஒரு பகற் பயணமாகச் சுருங்கியது. திம்பு நிலையான தலைநகராயிற்று. பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் எழுந்தன.

கொழும்பு திறந்த வாயில்

ஒருவரிடமே உதவி பெறுவோன் நாளடைவில் அவர்க்கே உரியவனாவான். இந்தியாவின் உதவி இன்றி வீதி இல்லை. இந்தியாவின் உதவி ஒன்றே என்றால் விடுதலையும் இல்லை. இச் சிக்கலை மன்னர் எவ்வாறு அவிழ்த்தார்?

உடன்படிக்கையை அவர் பழித்தாரல்லர், கிழித்தாரல்லர். இந்தியாவையே துணையாகக் கொண்டு பிற நாடுகளின் வாயிலைத் தட்டினார். முதலில் திறந்த வாயில் நமது கொழும்பின் பெயர் தாங்கியது. 1950 ஜனவரியில் கொழும்பிற் கூடிய பொதுநலவாய வெளிநாட்டு அமைச்சர் மகாநாட்டிலே கருக்கொண்ட கொழும்புத் திட்டத்தில், 1962ஆம் ஆண்டு, இந்தியாவின் ஆதரவோடு பூட்டான் அங்கத்துவம் பெற்றது. பல நாடுகளோடு சரிநிகராக அமரும் இடம் பூட்டானுக்கு அங்கே கிடைத்தது.

பயனும் உடனே விளைந்தது. பூட்டானிய மாணவர் புலமைப் பரிசில் பெற்று அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். 1964இல் யப்பானிலிருந்து கெய்ஜி நிசியோகா என்னும் வேளாண்மை அறிஞர் வந்தார். சில ஆண்டு பணிக்கென வந்தவர் 1992இல் இறக்கும்வரை அந்நாட்டிலேயே தங்கி, காய்கறிப் பயிரையும் நெல் நடும் முறையையும் திருத்தி, பூட்டானியரால் உயர் பட்டம் அளித்துப் போற்றப்பட்டார். ஒரு சிறு நாடு தன் வாயிலை அளவறிந்து திறந்தால் எத்தகையோர் உள்ளே வருவர் என்பதற்கு அவர் ஒருவரே சான்று.

குருதி தோய்ந்த ஆண்டு

மாற்றத்துக்கு விலை உண்டு. 1962 ஒக்டோபரில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. தோல்வியுற்ற இந்திய வீரர் சிலர் பூட்டானின் கீழைப்பகுதி வழியாகத் திரும்பினர். பெருந்துணை என நம்பிய நாடே தளர்ந்ததைக் கண்டு பூட்டானிற் பலர் கலங்கினர். புதுமையை விரும்பினோர்க்கும் பழமையைப் பேணினோர்க்கும் இடையே பிளவு முதிர்ந்தது.

1964 ஏப்பிரில் 5ஆம் நாள் இரவு, பூன்சோலிங்கிலே பிரதமர் ஜிக்மே பால்டென் டோர்ஜி சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னர் அவ்வேளை இருதய நோய்க்குச் சிகிச்சை பெறச் சுவிற்சர்லாந்து சென்றிருந்தார். கொல்லப்பட்டவர் அரசியின் தமையனார். சதிக்காகத் தண்டிக்கப்பட்டவர் படைத்தலைவர் நம்கியால் பகதூர், அரச குடும்பத்துக்கு உறவானவர். ஒரு பக்கம் மனைவியின் துயர்; ஒரு பக்கம் தம் குடும்பத்தின் இழுக்கு. நோயுற்ற மன்னர் விரைந்து மீண்டு, விசாரணை நடத்தி, தண்டனை நிறைவேற்றினார். அரசியின் மற்றொரு சகோதரர் சில காலம் பிரதமர் பொறுப்பைப் பார்த்து, பின் மன்னரோடு பிணங்கி நேபாளம் சென்றார். 1965 யூலையில், பாரோவுக்கு அண்மையிலுள்ள கிச்சு ஆலயத்தின் அருகே மன்னர்மேலேயே கொலை முயற்சி நிகழ்ந்தது. அவர் உயிர் தப்பினார்.

இத்தகைய வேளையில் மன்னர் பலர் செய்வது யாது? சபையைக் கலைப்பர், அதிகாரம் அனைத்தையும் தம் கையில் இறுக்குவர், ஐயுற்றோரைச் சிறையில் இடுவர். குடிகளும் அதனைக் குறை கூறார். இம் மன்னர் சென்ற வழி வேறு.

தன் முடியைத் தானே தளர்த்தல்

1965இலே அரசர்க்கு அறிவுரை கூறும் ஆலோசனைச் சபையை அமைத்தார். 1968இல் மேல்நீதிமன்றமும் அமைச்சரவையும் தோன்றின. அதே ஆண்டில், தேசிய சபையின் முடிவைத் தடுக்கும் உரிமையை மன்னர் தாமே விட்டுக்கொடுத்தார். 1969இல் அதனினும் வியப்பான ஒரு பிரேரணையைச் சபை முன் வைத்தார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மன்னர்மீது சபை நம்பிக்கை வாக்கெடுக்க வேண்டும். மூன்றில் இரு பங்கினர் நம்பிக்கை இல்லை என்றால், மன்னர் முடி துறந்து, வாரிசுரிமையில் அடுத்தவர்க்கு வழிவிட வேண்டும்.

சபையினர் திடுக்கிட்டனர். அரசரை நீக்கும் உரிமை தமக்கு வேண்டா என மறுத்தனர். குடிகள் அதிகாரம் கேட்டு அரசன் மறுத்த கதைகளை வரலாற்றில் நிரம்பக் காண்கின்றோம். அரசன் அதிகாரம் கொடுக்கக் குடிகள் மறுத்த கதை அரிது. மன்னர் விடவில்லை. 1971இலே வாக்கெடுப்பு நிகழ்ந்தது. மிகப் பெரும்பான்மையோர் அவர் பக்கமே நின்றனர்.

இதன் கருத்து யாது? ஒரு மனிதரின் உயிரில் தொங்கும் நாடு ஒரு துப்பாக்கிக் குண்டில் முடிந்துபோகும். தம் இருதயமோ நோயுற்றது. தம் மைந்தரோ சிறுவர். தமக்குப் பின்னும் நாடு நிற்க வேண்டுமாயின், அது மன்னரில் அன்றிச் சபையில், சட்டத்தில், நீதிமன்றத்தில் ஊன்றி நிற்க வேண்டும் என அவர் கண்டார். வெளியார் அரண்மனையில் ஒருவரை வசப்படுத்தி ஒரு நாட்டைக் கைக்கொள்ளலாம்; ஊர்தோறும் வேரோடிய ஒரு சபையை வசப்படுத்துதல் எளிதன்று.

உலக அவையில்

அகம் உறுதியுற்றபின் புறத்தே இறுதி அடி வைத்தார். 1969இற் பூட்டான் உலகத் தபால் ஒன்றியத்தில் அங்கமாயிற்று. 1971 செப்டெம்பர் 21ஆம் நாள், இந்தியாவின் ஆதரவோடு, ஐக்கிய நாடுகள் சபையிற் சேர்ந்தது. அடுத்த திங்கள் 25ஆம் நாளிலேதான் மக்கள் சீனம் அச் சபையில் இடம் பெற்றது. சற்றுத் தாழ்த்திருந்தால் அவ் வாயில் அத்துணை எளிதில் திறந்திருக்குமோ? 1971 டிசெம்பர் 6இல், இந்தியா வங்காளதேசத்தை அங்கீகரித்த அதே நாளிற் பூட்டானும் அங்கீகரித்தது. வெளிநாட்டு விவகாரத்திற் பிறர் அறிவுரை தழுவி நடக்கும் நாடு எனப் பத்திரத்தில் எழுதப்பட்ட நாடு, ஒரு புதிய நாட்டை அங்கீகரிக்கும் நிலைக்கு உயர்ந்தது. உடன்படிக்கையில் ஓரெழுத்தும் மாறவில்லை. அதன் பொருள் மாறிவிட்டது. அந்த வாசகம் 2007ஆம் ஆண்டின் புதிய உடன்படிக்கையிலேதான் முறையாக நீங்கியது.

1972 யூலை 21ஆம் நாள், கென்யா நாட்டின் நைரோபி நகரில், மன்னர் இருதய நோயால் உயிர் நீத்தார். வயது நாற்பத்து நான்கு. பதினாறு வயது மைந்தர் ஜிக்மே சிங்கே அரசேற்றார். இளையோர் முடிசூடும்போது சிறு நாடுகளிற் குழப்பம் எழுதல் இயல்பு. பூட்டானில் அது எழவில்லை. தந்தையார் ஊன்றிய தூண்கள் தாங்கின.

குறையே இல்லாத ஆட்சி என ஒன்று உலகில் இல்லை. அவர் காலத்துத் திட்டங்கள் பெரும்பாலும் இந்தியப் பணத்தையே நம்பி நின்றன. தெற்கில் வாழ்ந்த நேபாள மொழியினர்க்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. ஆயின் அவ் ஒருமைப்பாடு நிலைக்கவில்லை. பின் வந்த ஆட்சியில், 1990ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அவருட் பல்லாயிரவர் நாடிழந்து நேபாள முகாம்களை அடைந்தனர். பெரியோரிடம் தன் தனித்தன்மையைக் காத்த சிறு நாடு, தன்னுள் வாழும் சிறியோர்க்கு அதே நீதியை வழங்கத் தவறியது. இவ் வடுவை மறைத்துப் பூட்டானின் புகழ் பாடுதல் முறையன்று.

நம்பிக்கை வாக்கெடுப்பு முறையைச் சபையினர் 1973இல் நீக்கினர். ஆயின் விதைத்தது வீண்போகவில்லை. 1998இல் மைந்தர் அதனை மீட்டார். 2008இலே பொதுத் தேர்தல் நிகழ்ந்து எழுதப்பட்ட அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, மன்னரை முடி துறக்கச் செய்யும் வழியும் அதனுள் இடம் பெற்றது.

திம்பு நகரின் நடுவே வெண்ணிறத் தூபி ஒன்று உண்டு. 1974இலே மன்னரின் தாயார் பூந்சோ சோடென் தம் மைந்தர் நினைவாக எழுப்பியது. அதனுள் அவர் உடல் இல்லை, எலும்பும் இல்லை, உருவப்படம் ஒன்றே உண்டு. நாள்தோறும் முதியோர் செபமாலை ஏந்தி அதனை வலம் வருவர். அவருட் சிலர் பாட்டன்மார் அடிமைகளாயிருந்திருப்பர். பாட்டன்மாரை அடிமை கொண்டோரின் பேரரும் அருகே நடப்பர். ஒரே வட்டத்தில், ஒரே திசையில் அவர்கள் நடக்கும் அந் நடையே அம் மன்னரின் வரலாறு.